மிதுஷாவின் படிவத்தில் ஒரு திருத்தம்

அகஸ்ரின் அங்கிள்,

எங்கள் ஆட்களின் விசேஷங்களில் பஃபே திறக்கிற நேரம்தான் கவனமாக இருக்க வேண்டிய நேரம். மைக்கில் மேசை இலக்கம் சொல்லி ஒவ்வொன்றாகக் கூப்பிட வேண்டும். இல்லாவிட்டால் முந்நூறு பேரும் ஒரேயடியாக எழும்பிவிடுவார்கள். கடைசியாகக் கூப்பிடப்படுகிற மேசைக்காரர் கோழி முடிந்து வெறும் குழம்பில் கரண்டி விட்டுத் துழாவுவார்கள். அதைப் பத்து வருஷத்துக்கு மறக்கமாட்டார்கள். நான் பெரியபிள்ளையானதற்கு வைத்த சாமத்திய வீட்டில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. முப்பது மேசையும் ஒழுங்காகப் போய் ஒழுங்காகத் திரும்பின. சாப்பாடு மிஞ்சியது. அம்மா இன்றைக்கும் அதைச் சொல்லுவார்.

இதை ஏன் உங்களுக்கு எழுதுகிறேன் என்று நினைப்பீர்கள். நேற்று ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மல்வேர்னில் எங்கள் வீட்டுக்கு வந்து, வன்னியில் காணாமல்போன என் சித்தப்பா, சித்தி, அவர்களுடைய மகள் மிதுஷா ஆகிய மூன்று பேருக்கும் படிவம் நிரப்பினீர்கள். கண்ணாடியைக் காரில் விட்டுவிட்டு வந்ததால் நீங்கள் கேட்டீர்கள், அப்பா சொன்னார், நான் எழுதினேன். என் எழுத்து வடிவாக இருக்கிறது என்றும் சொன்னீர்கள். ‘கடைசியாகத் தகவல் கிடைத்த திகதி’ என்ற இடத்தில் அப்பா ஏப்ரல் ஐந்து என்றார். அவர் அறிந்தது அவ்வளவுதான். அன்றைக்குச் சித்தப்பா வலைஞர்மடத்திலிருந்து இரண்டு நிமிஷம் கதைத்தார். நானும் ஏப்ரல் ஐந்து என்றே மூன்று படிவத்திலும் எழுதினேன்.

அது பிழை. சரியான திகதி மே ஆறு.

உங்களை ஏமாற்ற வேண்டும் என்று நான் அப்படி எழுதவில்லை. அப்பா பக்கத்தில் இருந்தார். அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் வேறொரு திகதியை எழுதினால் எல்லாவற்றையும் எழுத வேண்டும். படிவத்தில் அதற்கு இடம் ஒரு வரிதான் இருந்தது.

போகும்போது வாசலில் நின்று நீங்கள் அப்பாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

“ஆஸ்பத்திரி, திகதி, ஆரும் ஒராளின்ரை பேர். இந்த மூண்டும் இருந்தா ஒரு கிழமையிலை பிள்ளையைப் பிடிச்சிடலாம், மகேஸ்வரன் அண்ணை. ஒண்டும் இல்லாட்டி நான் என்னத்தை வைச்சுத் தேடுறது? பெரியாக்களெண்டா தங்கடை பேரைச் சொல்லுவினம். சின்னனுகள் கெதியா மறந்திடுங்கள். உங்கடை பெறாமேளுக்கு ஐஞ்சு வயசு. எங்கையோ ஒரு இல்லத்திலை புதுப் பேர் வைச்சு, பாஷையும் மாறிப்போனா, பிறகு முன்னாலை கொண்டுவந்து விட்டாலும் எங்களுக்குத் தெரியாது.”

அப்பா சிரித்தார். “அது மறக்காது, அகஸ்ரின். எங்கடை வீட்டு நம்பரைத் தாய் அதுக்குப் பாட்டாப் பழக்கி வைச்சிருக்கிறா.”

இப்போது இரவு இரண்டு மணி. எழுத்தைப் பார்த்தால் உங்களுக்கே விளங்கும், நேற்றைய எழுத்து இல்லை இது. தமிழில் எழுதுவதற்குக் காரணம், நீங்கள் இதை அங்கே தேடுகிற ஆட்களுக்கு அப்படியே அனுப்பலாம். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் எட்டு வருஷம் படித்திருக்கிறேன். பிழை இருந்தால் மன்னியுங்கள்.

முதலில் துடக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் வேதக்காரர், சேர்ச்சுக்குப் போகிறவர், உங்களுக்கு அது அவ்வளவு தெரியாது. எங்கள் பகுதியில் ஒருவர் இறந்துவிட்டால் முப்பத்தொரு நாளைக்குத் துடக்கு. கோயிலுக்குப் போக முடியாது, நல்ல காரியம் வைக்க முடியாது. நான் பெரியபிள்ளையானது 2007ஆம் ஆண்டு கோடையில். பன்னிரண்டு வயது. சாமத்திய வீட்டுக்கு ஒக்டோபரில் ஹோல் எடுத்தார்கள். இரண்டு கிழமை இருக்கும்போது யாழ்ப்பாணத்தில் அப்பாவின் பெரியப்பா காலமானார். அடுத்த வருஷம் ஓகஸ்ட்டுக்கு மறுபடியும் எடுத்தார்கள். சனிக்கிழமை சடங்கு. வியாழக்கிழமை ரெலிபோன் வந்தது, அந்தப் பெரியப்பாவின் மகன் கிளிநொச்சியில் செல் விழுந்து இறந்துவிட்டார் என்று.

அம்மா சமையலறைத் தரையில் இருந்துகொண்டு, அழைத்த ஒவ்வொருவருக்கும் ரெலிபோன் எடுத்து வரவேண்டாம் என்று சொன்னார். இரண்டு நாள் எடுத்தது. பாதிப்பேர் செத்தது யார் என்று கேட்கவில்லை. அடுத்து எப்போது என்று கேட்டார்கள். அம்மாவோடு வேலை செய்கிற மயூரி அன்ரி, “இராசேஸ், இனி ஏன் சோலி? கலியாணத்தோடை சேர்த்து வைச்சு விடுங்கோவன்,” என்று சொல்லிச் சிரித்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

என் வகுப்பு அட்சயா தன் சாமத்திய வீட்டுக்குக் குதிரை வண்டியில் வந்து இறங்கியவள். நான் அவளுக்கு ஆலாத்தித் தட்டுத் தூக்கினேன். மொத்தம் பதினொரு பேருக்குத் தூக்கியிருக்கிறேன். எட்டாவது தட்டுக்குப் பிறகு பிள்ளைகள் என்னைப் பார்த்து, “நீ என்ன, இதுக்கு வேலைக்கு நிக்கிறியோ?” என்று கேட்டார்கள். அது பகிடிதான். நான் கோபிக்கவில்லை. ஆனால் நான் இதைச் செய்தது எனக்காக இல்லை. அம்மாவுக்காக. அதை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும்.

இந்த வருஷம் மாசி மாதம், மூன்றாம் தடவையாக நாள் பார்க்க வேண்டும் என்று அம்மா கேட்டார். அப்பா மாட்டேன் என்றார். அப்போது அப்பா பாண் பக்ரறியில் இரவு வேலை முடித்துவிட்டு நேரே டவுண்ரவுனுக்குப் போய், பனிக்குள் போரை நிறுத்தச் சொல்லிப் பதாகை பிடித்துக்கொண்டு நிற்பார். அங்கே சனம் பங்கருக்குள் இருக்கிறது, இங்கே சாமத்திய வீடா என்றார். அம்மா வாதாடவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குப் போனோம். கும்பிட்டு முடிந்து காருக்குள் ஏறியபின் அம்மா பெல்ற்றைப் போடாமல் அப்படியே இருந்தார்.

“எல்லாற்றை வீட்டிலையும் போயிருந்து சாப்பிட்டனாங்கள்,” என்றார். “இருபது வருஷம். எங்கடை வீட்டிலை ஒருத்தரும் கை நனைக்கேல்லை. எனக்கெண்டு ஒரு நாள் வேணும், இஞ்சேருங்கோ. ஒரே ஒரு நாள்.”

அப்பா என்னைக் கண்ணாடியில் பார்த்தார். பிறகு சம்மதித்தார். ஆனால் பாட்டில்லை, ஆட்டமில்லை, கேக் இல்லை, குதிரை வண்டி இல்லை. வாசலில் எல்லோருக்கும் கறுப்பு றிபன். பஃபே திறக்கும் முன் ஒரு நிமிஷம் மௌனம். மே ஒன்பதாம் திகதி, சனிக்கிழமை. இந்த வருஷம் மற்றவர்களும் அப்படித்தான் செய்தார்கள். மேசைப் பூக்கள் எல்லாம் வெள்ளை. நாட்டு நிலைமை காரணமாகச் சாப்பாடு மட்டும் என்று கார்ட்டில் அடித்தார்கள்.

மயூரி அன்ரி அதற்கும் ரெலிபோன் எடுத்தார். “அங்கை சனம் கஞ்சிக்கு வரிசையிலை நிக்குது. உங்களுக்கு பஃபே கேக்குதோ?”

“சாப்பாடு மட்டும்தான், மயூரி. வேறை ஒண்டும் வைக்கேல்லை.”

“அப்ப செத்தவீட்டுச் சாப்பாடெண்டு சொல்லுங்கோவன்.”

அம்மா ரெலிபோனை வைத்துவிட்டு, “கட்டாயம் வருவா பார்,” என்றார். வந்தார். இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டார்.

மே ஆறு புதன்கிழமை. காலை ஏழேகால். அம்மா ஆறு மணிக்கே வேலைக்குப் போய்விடுவார். அப்பா எட்டு மணிக்குத்தான் வருவார். இடையில் இருக்கிற அந்த இரண்டு மணித்தியாலமும் வீட்டில் நான் மட்டும். ரெலிபோன் அடித்தது.

“ஹலோ, மகேஸ்வரன் வீடோ? பெரியாக்கள் ஆரும் நிக்கினமோ பிள்ளை?”

அப்பா வேலைக்கு என்றேன்.

“நான் வவுனியாவிலை ஆஸ்பத்திரியிலை வேலை செய்யிறன், கௌசியெண்டு பேர். களவாத்தான் எடுக்கிறன், கன நேரம் கதைக்கேலாது. இஞ்சை பதினோராம் வார்ட்டிலை மிதுஷாவெண்டு ஒரு பிள்ளை இருக்கு. காலிலை காயம், இப்ப பரவாயில்லை. தாயும் தேப்பனும் மாத்தளனிலை முடிஞ்சுதாம். கூட வந்த சனம் கண்டதாம். பிள்ளைக்கு உங்கடை நம்பர் மட்டும்தான் தெரியுது. இஞ்சை சொந்தக்காரர் ஆரும் இருந்தா வந்து கையெழுத்து வைச்சு எடுக்கலாம். வெள்ளிக்கிழமை வேறை இடத்துக்கு ஏத்தப் போகினமாம். எங்கையெண்டு எங்களுக்குச் சொல்லாயினம். கேக்குதோ பிள்ளை?”

“கேக்குது.”

“நாளைக்கும் இந்த நேரம் எடுக்கிறன். அப்பாவைக் கட்டாயம் நிக்கச் சொல்லு, என்ன?”

சரி என்றேன். உள்ளங்கையில் பேனையால் 11 என்றும், கௌசி என்றும் எழுதினேன். பிறகு முகம் கழுவினேன், பாண் சாப்பிட்டேன், பஸ் பிடித்துப் பள்ளிக்கூடம் போனேன். கைதான் அன்றைக்குப் பலமுறை கழுவினேன். எதையும் அழிப்பதற்காக இல்லை. வேர்த்துக்கொண்டே இருந்தது.

வவுனியாவில் எங்களுக்கு ஆள் இருந்தது. அம்மாவின் ஒன்றுவிட்ட அக்கா, கோணேஸ்வரி அன்ரி, அங்கே படிப்பிக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் பத்து நிமிஷம். அவருடைய நம்பர் எங்கள் பிரிட்ஜில் ஒட்டியிருந்தது. பள்ளிக்கூடத்தால் வந்து, ரெலிபோன் கார்ட்டைச் சுரண்டி, அவருக்கு எடுத்தேன். இரண்டு தரம் அடித்தது. வைத்துவிட்டேன். கோணேஸ்வரி அன்ரிக்கு ரகசியம் வைக்கத் தெரியாது. அவர் பிள்ளையை எடுத்தால் உடனே அம்மாவுக்குச் சொல்லுவார். பிள்ளையைப் பற்றிச் சொன்னால் தாய் தகப்பனைப் பற்றியும் சொல்ல வேண்டும். மிதுஷா உயிரோடு இருக்கிற செய்தியை மட்டும் தனியாக எடுத்துக் கொடுக்க வழியே இருக்கவில்லை, அங்கிள். நான் யோசித்துப் பார்த்தேன். அன்று பின்னேரம் முழுவதும் அதைத்தான் யோசித்தேன்.

அன்றைக்கு அம்மா வேலையால் வந்து, தன் கூறைச் சேலையை வெளியே எடுத்து என் தோளில் போட்டுப் பார்த்தார். பாட்டு முணுமுணுத்தார். நான் அவரிடம் ஒன்று கேட்டேன்.

“அம்மா, துடக்கு எப்ப துடங்கும்? ஆள் செத்த நாளோ, எங்களுக்குத் தெரிஞ்ச நாளோ?”

“கேள்விப்பட்ட நாளையிலை இருந்துதான். கேள்விப்படாட்டி எப்பிடித் துடக்கு?” ஊசியை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். “என்னடி உந்தக் கதை இப்ப? மூண்டு நாள் கிடக்கு. வாயைக் கழுவு.”

கேள்விப்படாவிட்டால் துடக்கு இல்லை. அம்மாவே சொன்னார். அப்படியென்றால் அம்மாவும் அப்பாவும் பிழையொன்றும் செய்யப் போவதில்லை. சித்தப்பாவும் சித்தியும் புதன்கிழமையும் இறந்தவர்கள்தான், ஞாயிற்றுக்கிழமையும் இறந்தவர்கள்தான். நாலு நாளில் அவர்களுக்கு மாறப்போவது ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை சொல்லுவது என்று தீர்மானித்தேன். மிதுஷா எங்கே கொண்டுபோகப்பட்டாலும் பெரியாட்கள் தேடிக் கண்டுபிடிப்பார்கள் என்று நினைத்தேன். பெரியாட்கள் எதையும் கண்டுபிடிப்பார்கள் என்று அப்போது எனக்கு ஒரு எண்ணம் இருந்தது.

வியாழக்கிழமை ஏழேகாலுக்குக் கௌசி அன்ரி சொன்னபடி எடுத்தார். நான் இங்கிலிஷில் ஹலோ என்றேன். அவர் அப்பாவின் பெயரைச் சொன்னார். நான் இங்கிலிஷிலேயே, வெள்ளைக்காரப் பிள்ளைகள் கதைக்கிற மாதிரி, அப்படி ஒருவரும் இங்கே இல்லை, றோங் நம்பர் என்றேன். அவருக்கு இங்கிலிஷ் அவ்வளவு வராது. “சொறி, சொறி,” என்றார். அவ்வளவுதான்.

சனிக்கிழமை நல்ல வெயில். மாமா வந்து தண்ணீர் வார்த்தார். பகல் முழுவதும் தலையில் கொண்டை ஊசி குத்தினார்கள். பின்னேரம் மணவறையில் இருத்தி, ஒவ்வொருவராக வந்து ஆலாத்தி எடுத்தார்கள். தட்டுத் தூக்கிய பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். பிள்ளையாருக்கு விளக்கு ஏற்றச் சொல்லி அம்மா என் கையில் திரியைத் தந்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது. அங்கே இருந்த முந்நூறு பேரில் கேள்விப்பட்ட ஆள் நான் ஒருத்திதான். துடக்கு எனக்குத்தான் இருந்தது. துடக்கோடு விளக்கை ஏற்றினேன். அதற்கு என்ன தண்டனை என்று யாரிடமும் கேட்க முடியாது. எத்தனையோ நாள் அதை நினைத்துத்தான் அழுதிருக்கிறேன்.

மைக் பிடித்தவர் ஜெனாட் அண்ணா. அவர் எல்லாக் கொண்டாட்டத்துக்கும் மைக் பிடிப்பவர், உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஏழரைக்கு எல்லோரையும் எழும்பச் சொன்னார்.

“எங்கடை உறவுகளுக்காக ஒரு நிமிஷம். போனுகளை ஓவ் பண்ணி விடுங்கோ. அண்ணை, அந்தப் பின்மேசை... தயவுசெய்து றோல்ஸைக் கீழை வையுங்கோ.”

பிறகு அமைதி. முந்நூறு பேர் தலை குனிந்து நின்றார்கள். பஃபே மேசையில் தட்டுகளுக்குக் கீழே நெருப்பு எரிகிற மணம் வந்தது. அப்பா மேடைக்குக் கீழே நின்று அழுதார். பொதுவாக எல்லோருக்காகவும் அழுதார். தன் தம்பிக்காகத் தனியாக அழலாம் என்று அவருக்குத் தெரியாது. நான் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த ஒரு நிமிஷத்துக்குள் மேடையிலிருந்து இறங்கிப் போய்ச் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றியது. சேலை கனமாக இருந்தது. நிமிஷமும் முடிந்துவிட்டது.

“நன்றி. இப்ப ஒண்டாம் மேசையும் ரெண்டாம் மேசையும் வரலாம். மிச்சாக்கள் இருங்கோ, இருங்கோ. எல்லாருக்கும் கிடக்கு.”

அம்மா மேசை மேசையாகப் போனார். “வடிவாப் போட்டுச் சாப்பிடுங்கோ. என்ன இது, கோழி எடுக்கேல்லையே? போய் இன்னொருக்கா எடுங்கோ.” அம்மாவை அப்படி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பிறகும் பார்க்கவில்லை. வீடியோவில் இருக்கிறது, நீங்கள் பார்த்தால் நான் சொல்வது விளங்கும்.

ஞாயிற்றுக்கிழமை சொல்லத்தான் இருந்தேன். விடிய எழும்பிய உடனே சொல்ல வேண்டும் என்று படுத்தேன். அப்பா எனக்கு முன்னரே எழும்பி, மிஞ்சிய சாப்பாட்டைத் தட்டுத் தட்டாக வாகனத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார். யூனிவர்சிட்டி அவெனியூவில் போராட்டத்தில் இருக்கிற சனத்துக்கு. என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அங்கே நடைபாதையில் இருந்த ஆட்களுக்கு அப்பா தன் கையால் புரியாணி போட்டுக் கொடுத்தார்.

“என்ரை மேளின்ரை சாமத்தியச் சாப்பாடு. நேற்றுத்தான். சாப்பிடுங்கோ தம்பி, நல்லாயிருக்கு.” பிறகு என்னிடம், “அங்கை எங்கடை சின்னனுக்கும் ஆரும் இப்பிடிக் குடுப்பினம், என்னம்மா?” என்றார்.

நான் “ஓம்” என்றேன்.

அன்று பின்னேரம் சனம் றோட்டை மறிக்க ஹைவேயில் ஏறியது. அப்பாவும் ஏறினார். கத்திக் கத்திக் குரல் கட்டிப்போய் வீட்டுக்கு வந்தார். அடுத்த கிழமை வன்னியில் எல்லாம் முடிந்துவிட்டது என்று ரீவியில் சொன்னார்கள். அப்பா மூன்று நாள் கட்டிலால் எழும்பவில்லை. அந்த நேரத்தில் சொல்லக் கூடாது. பிறகு அல்பம் வந்தது. அம்மா வாறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டிக்கொண்டிருந்தார். அப்போதும் சொல்ல முடியாது. பிறகு சொன்னால், ஏன் அப்போது சொல்லவில்லை என்று கேட்பார்கள். ஒவ்வொரு மாதமும் ஒரு நல்ல காரணம் இருந்தது. நான் எதையும் ஒளிக்கவில்லை, அங்கிள். சரியான நாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமையைப் பற்றி ‘அவ்வளவுதான்’ என்று எழுதியிருக்கிறேன். அதை இப்போது திரும்ப வாசித்தேன். அது முழுதாகச் சரியில்லை. நீங்கள் இதை அங்கே அனுப்புவதென்றால் இதுவும் வேண்டும்.

கௌசி அன்ரி சொறி சொல்லிவிட்டு வைக்கவில்லை. பக்கத்தில் யாரிடமோ, “பிழையாம். நீ திருப்பி ஒருக்காச் சொல்லு பார்ப்பம்,” என்றார். மிதுஷாவின் சத்தம் கேட்டது. பாடினாள். நாலு ஒன்று ஆறில் தொடங்கி எங்கள் நம்பர் முழுவதையும் பாடினாள். கடைசி இலக்கம் ஏழு. ஒரு பிழையும் இல்லை. சண்டை இல்லாத காலத்தில் அவளுடைய இரண்டாவது பிறந்தநாளுக்குச் சித்தி அவளை ரெலிபோனில் பிடித்து வைத்திருக்க, நான்தான் அந்த மெட்டை முதலில் பாடிக் காட்டியது.

நான் இங்கிலிஷில், இந்த நம்பர் மூன்றில் முடியும், ஏழில்லை என்று சொன்னேன். தாங்கள் வேறு நம்பர் அடித்துவிட்டோம் என்று அவர்கள் நினைக்கட்டும் என்றுதான் சொன்னேன். அவருக்கு அது விளங்கியதோ தெரியாது. ‘த்ரீ’ என்றதும் ‘நோ செவென்’ என்றதும் மட்டும் விளங்கியிருக்கிறது.

“நீ மாத்திச் சொல்லிப்போட்டாய் பிள்ளை. ஏழில்லையாம். மூண்டாம்.”

“ஏழு,” என்றாள் மிதுஷா. “அம்மா ஏழெண்டுதான் சொன்னவ.”

பிறகு ரெலிபோனை அவளிடம் கொடுத்தாரோ, அவளே பறித்தாளோ, எனக்குத் தெரியாது. மூச்சு மிகக் கிட்டவாகக் கேட்டது.

“நிலா அக்கா?”

நான் ஒரு சொல்கூடத் தமிழில் சொல்லவில்லை, எல்லாம் இங்கிலிஷில்தான். எப்படிக் கண்டுபிடித்தாள் என்று தெரியவில்லை. நான் ‘றோங் நம்பர்’ என்றேன். அவள் அழவில்லை. கௌசி அன்ரி ரெலிபோனை வாங்கி, “சரி, வா. மூண்டு போட்டுப் பார்ப்பம். பாடு,” என்றார். வைப்பதற்கு முன் அவள் மறுபடியும் பாடுவது கேட்டது. இந்தத் தடவை கடைசியில் மூன்று.

ஜூன் மாதத்தில், மூன்றில் முடிகிற அந்த நம்பருக்கு நான் எடுத்துப் பார்த்தேன். ஒரு சீனத்து அம்மா எடுத்தார். மே மாதத்தில் ஒரு சின்னப் பிள்ளை எடுத்ததா என்று இங்கிலிஷில் கேட்டேன். எடுத்தது, மூன்று நாலு தரம் எடுத்தது, என்ன பாஷை என்று விளங்கவில்லை, பாவமாக இருந்தது, என்றார். அது உங்கள் தங்கச்சியா என்று கேட்டார். நான் வைத்துவிட்டேன்.

ஆகவே படிவத்தில் திருத்த வேண்டியது இவ்வளவும். கடைசியாகத் தகவல் கிடைத்த திகதி மே ஏழு, ஆறு இல்லை. இடம் வவுனியா ஆஸ்பத்திரி, பதினோராம் வார்ட். பெயர் கௌசி. மே எட்டு வெள்ளிக்கிழமை அங்கிருந்து ஏற்றியிருப்பார்கள். காலில் காயம். யாராவது ரெலிபோன் நம்பர் கேட்டால் அவள் இப்போது மூன்று என்று சொல்லுவாள், அது ஏழு. சித்தப்பாவுக்கும் சித்திக்கும் படிவம் தேவையில்லை. நீங்கள் சொன்ன மூன்றும் இதில் இருக்கிறது. ஒரு கிழமை போதும் என்றீர்கள்.

எழுதி முடித்த பிறகு எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறது. ஒன்றே ஒன்றுதான். நாங்கள் யூனியன்வில்லில் வீடு வாங்கியிருப்பது உங்களுக்குத் தெரியும். வருகிற சனிக்கிழமை, பன்னிரண்டாம் திகதி, குடிபூரல். பதினாறாம் திகதி மார்கழி பிறக்கிறது. அதற்குப் பிறகு தை பிறக்கும்வரை நல்ல நாள் இல்லை. அம்மா ஆட்களுக்குச் சொல்லிவிட்டார். நூற்றைம்பது பேர், கீழே பேஸ்மென்ற்றில் பஃபே. நீங்களும் வருவதாக அப்பா சொன்னார். அம்மா மறுபடியும் பாட்டு முணுமுணுக்கிறார், அங்கிள். சித்தப்பாவின் செய்தி இந்தக் கிழமை அவருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அதனால் இதை நான் பதின்மூன்றாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் சேர்ச்சில் பூசை முடிந்து வெளியே வரும்போது உங்கள் கையில் தருவேன். நீங்கள் இதை வாசிக்கும்போது எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். இன்னும் ஆறு நாள்தான். மிதுஷா கெட்டிக்காரி. ஏழு மாதம் பொறுத்தவள், ஆறு நாளுக்குள் ஒன்றும் மறந்துவிட மாட்டாள்.

இப்படிக்கு,
நிலாணி